தண்ணி பாட்டிலோட போடா

மச்சான்,

உன் லெட்டர் படிச்சு சிரிச்சுக்கிட்டே இருந்தேன். இருபது வயசுல சுவத்துல ஒட்டி வச்சிருந்த காரை ஐம்பதுல வாங்கப் போறியா, நல்லா இரு. எனக்கு முட்டி வலிதான் விடமாட்டேங்குது, மத்தபடி வீட்ல எல்லாரும் சௌக்கியம்.

முதல் மாடல் மியாட்டான்னு எழுதியிருக்க, மாஸ்டாவோட ரெண்டு சீட்டு, டாப் மடக்குற வண்டி, தவளை மாதிரி ஹெட்லைட்ட தூக்கி முழிக்குமே, 1989ல வந்தது, அதானே? நல்ல வண்டிடா. ஆனா போன உடனே இன்ஜின்கிட்ட ஓடாத. நான் ஏமாந்த கதை தெரியும்ல, வேற வண்டிதான் அது, டாப்ப மடக்கிப் போட்டு ஒரு ரவுண்டு போனேன், காத்து மூஞ்சில அடிச்சுது, மூளை கழண்டுருச்சு, அங்கயே காசைக் குடுத்துட்டேன். முதல் மழைக்கே பிரேக்க மிதிச்சா கார்பெட்டுக்குள்ளேருந்து சளக்னு சத்தம்.

இந்த மாதிரி வண்டிக்கு எமனே தண்ணிதான்டா. மியாட்டால சீட்டுக்குப் பின்னாடி, டாப் மடங்குற இடத்துல ரெண்டு பக்கமும் தண்ணி வடியுற ஓட்டை இருக்கும், குப்பை அடைச்சுக்கிச்சுன்னா தண்ணி உள்ளயே நின்னு பின் சக்கரத்துக்கு முன்னாடி, கதவுக்கு அடியில ஓடுற தகர விளிம்பு, அந்த சில்ல உள்ளேருந்தே தின்னுரும், வெளிய பெயிண்ட் பளபளன்னுதான் இருக்கும். அதனால கையில தண்ணி பாட்டில் கொண்டுபோ, அந்த ஓட்டையில மெதுவா ஊத்து, கீழ குனிஞ்சு பாரு, சொட்டலன்னா சந்தேகப்படு. ஒரு சின்ன காந்தத்த துணில சுத்தி சில் மேல தடவு, ஒட்டாத இடத்துல பட்டி பூசியிருக்கான்னு அர்த்தம். கார்பெட்டுக்கு அடியில கைய விடு, மூக்க வச்சு மோந்தும் பாரு, வெக்கப்படாத.

டாப்ப நீயே திறந்து மூடு, விக்கிறவன விடாத. பின் கண்ணாடி பிளாஸ்டிக்கா இருந்தா ஜிப்ப கழட்டிட்டுதான் மடக்கணும், கழட்டாம மடக்கி மடக்கியே வெடிச்சிருக்கும்.

இன்ஜின ஸ்டார்ட் பண்ணி வைக்காதன்னு முன்னாடியே சொல்லிடு, போனதும் பானெட்ட தொட்டுப் பாரு, சுட்டா எதையோ மறைக்கிறான். 1990, 91 மாடல் 1.6 லிட்டர் இன்ஜின்னா, கிராங்க்குன்னு சொல்ற இன்ஜின் தண்டோட முன் முனையில சுத்துற சக்கரம், அந்த கிராங்க் புல்லியில இருக்குற வெட்ட எண்ணு. நாலுன்னா பழைய குட்டை மூக்கு கிராங்க், போல்ட் லூசா ஓடியிருந்தா, புல்லிய கிராங்கோட பூட்டி வைக்கிற சின்ன இரும்புத் துண்டு, அந்த கீ தேஞ்சு புல்லி ஆடும், ஓடுறப்பவே உத்துப் பாரு. எட்டு வெட்டுன்னா அந்த பயம் இல்ல. இன்ஜின் வால்வுகள நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட்ட 60,000 மைலுக்கு ஒருக்கா, அதாவது ஒரு 96,000 கிலோமீட்டருக்கு, மாத்தணும், பில்ல கேளு. அறுந்தாலும் இந்த இன்ஜின்ல வால்வு வளையாது, ஆனா நடுரோட்ல நிப்ப.

டயர்ல நாலு நம்பர் இருக்கும், 2314ன்னா 2014ல 23வது வாரம் செஞ்சது. பட்டன் நல்லாத்தான் இருக்கும், ரப்பர் செத்திருக்கும், இந்த வண்டிங்க பாதி நாள் ஷெட்லதானே தூங்குது.

பாட்டிலோட போனா பைத்தியம்னு நெனப்பான், நெனச்சிட்டுப் போறான். நீ சாஞ்சு நிக்கிற போட்டோலாம் எனக்கு வேணாம், சில்லோட அடிப்பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பு.

உன்
பழைய ரூம்மேட்