வாக்கெடுப்புக்கு முன் பேச வாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சில நாட்களாக வீட்டில் சீமைக் கருவேலத்தைப் பற்றியே துளைத்தெடுத்துக்கொண்டிருப்பார்கள். காரணம் நான்தான். நம் குளத்துக்குள் மண்டிக் கிடக்கும் அந்த மரங்களை அடியோடு அகற்றலாமா, வேண்டாமா என்று ஆகஸ்ட் 13 அன்று பள்ளியில் வாக்கெடுப்பு நடத்துகிறோம். பொதுவாக்கெடுப்பைப் பற்றி வகுப்பில் பேசியபோது எழுந்த யோசனை இது.

"படிக்கிற பிள்ளைகளுக்கு வாக்குவாதம் எதற்கு சார்?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். சீட்டை மடித்துப் பெட்டியில் போட அரை நிமிடம் போதும். அதற்குப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. அதற்கு முந்தைய நாட்களில் இரு தரப்பும் பேசிப் பார்ப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் ஒவ்வொரு பொதுவாக்கெடுப்புக்கு முன்பும் அரசே ஒரு கையேட்டை வாக்காளர்களுக்கு அனுப்பி, இரு தரப்பு வாதங்களையும் விளக்குகிறது. நம் நாட்டிலும் ஒரு முன்மாதிரி உண்டு. கோவாவை மகாராஷ்டிரத்துடன் இணைப்பதா என்று 1967 ஜனவரி 16 அன்று அந்த மக்களிடமே கேட்டார்கள். வாக்கெடுப்பு நடுநிலையாக நடக்க வேண்டுமென்று, இணைப்பை ஆதரித்த முதல்வர் முன்கூட்டியே பதவி விலகினார். கூட்டம், பாட்டு, பத்திரிகை என்று ஊர் ஊராகப் பேசித் தீர்த்த பிறகு, சுமார் 34 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் இணைப்பு வேண்டாம் என்றார்கள். சில மாதங்களில் நடந்த தேர்தலுக்குப் பின் அதே மனிதர் மீண்டும் முதல்வரானார். கேள்வி வேறு, ஆள் வேறு என்று அந்த மக்கள் பிரித்துப் பார்த்தது என் மனதை விட்டு அகலவில்லை.

நம் மானூரில் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்ச்சபையில் எதைச் சொன்னாலும் மறுத்துக்கொண்டே இருப்பவருக்கு ஐந்து காசு தண்டம் என்கிறது அது. நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கே அங்கே இடம் என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. எங்கள் விதி வேறு: மறுக்கிறவர், எதிர்த்தரப்பு சொன்னதை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் வகுப்பே "வெட்ட வேண்டும்" என்றது. கரிமூட்டம் போடும் வீட்டுப் பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. அது என்னை உறுத்துகிறது. அந்த மரம்தான் அவர்கள் வீட்டு உலையில் அரிசி. ஆகவே ஆகஸ்ட் 11 மாலை 4 மணிக்கு, கரிமூட்டத் தொழில் செய்யும் பெற்றோரும் குளத்துப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் பெற்றோரும் பள்ளிக்கு வந்து பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் பிள்ளை மாற்றுக் கருத்துச் சொன்னால் காரணம் கேளுங்கள்; "எதிர்த்துப் பேசாதே" என்று அடக்கிவிடாதீர்கள். எந்தப் பக்கம் வாக்களிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பவும் வேண்டாம்.

முடிவோடு, தோற்ற தரப்பின் காரணங்களையும் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். அதை ஆகஸ்ட் 15 கிராம சபையில் வாசிக்க, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒருவர் வேண்டும். முன்வரும் தாய்மார்கள் 14ஆம் தேதிக்குள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்