தோணிக்கு ஃபைபர் போர்த்துவது பற்றி மகளுக்கு

தூத்துக்குடி

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தென்மேற்குப் பருவத்தின் கச்சான் காற்று தணியும்வரை கரையேறியிருக்கும் நம் தோணியின் அடிப்பாகம் முழுவதற்கும் பிசினில் தோய்த்த கண்ணாடியிழையான ஃபைபர் போர்த்திவிட்டால், ஆண்டுதோறும் பலகை இடைவெளிகளில் பஞ்சு அடைத்துக் கலப்பத்துப் பார்க்கும் செலவும், மரத்தைக் குடையும் கப்பல் புழுவுக்கு அஞ்சும் கவலையும் ஒருசேரத் தீர்ந்துவிடும் என்று எழுதியிருந்தாய். கொச்சியில் இரும்புக் கப்பல்களோடு பழகும் நீ, நம் தோணியை மறவாமல் இவ்வளவு தூரம் கணக்கிட்டு எழுதியது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. ஆயினும் உன் யோசனையை நான் ஏற்கவில்லை. காரணம் சொல்லாமல் மறுப்பது முறையாகாது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

மரப்பலகை நீரில் ஊறும்போது அகலவாட்டில் பருக்கிறது, உலரும்போது சுருங்குகிறது. நீளவாட்டில் அந்த மாற்றம் மிகச் சிறிது. தோணி ஒழுகாமல் இருப்பதற்கு ஆணிகள் மட்டும் காரணமல்ல. ஊறிப் பருத்த பலகைகள், இடையே திணித்த பஞ்சை இருபுறமும் நெருக்கிப் பிடிப்பதால்தான் இணைப்பு இறுகுகிறது. ஆகவே இந்த உடல் அசைவதற்கென்றே கட்டப்பட்டது. அதன்மேல் போர்த்தும் ஃபைபரோ பலகையோடு சேர்ந்து பருப்பதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. மேலும், தலைமுறையாக மீனெண்ணெய் குடித்த மரத்தில் பிசின் உறுதியாகப் பற்றாது. ஓரிடத்தில் விரிசல் விட்டாலும் போதும். உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கி, வெளிப்புறம் பளபளப்பாக இருக்கும்போதே மரம் மக்கத் தொடங்கிவிடும். கலப்பத்து விட்டுப்போனால் அடித்தட்டில் தண்ணீர் ஏறி நமக்கு அறிவித்துவிடும்; போர்வைக்குள் இற்றுப்போகும் மரம் எதையும் அறிவிப்பதில்லை. புதிதாகக் கட்டும் சிறு வள்ளத்துக்கு ஃபைபர் பொருந்தலாம். பல்லாண்டு சுமை ஏற்றிக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்த உடலுக்கு அது பொருந்தாது என்பதே என் உறுதியான எண்ணம்.

மரம் மக்குவதற்குக் கடல்நீரை விட மழைநீரே பெரிய காரணம் என்பதையும் நீ மனத்தில் கொள்ள வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சணம் அதில் வேலை செய்வதில்லை. உப்பேறிய மரத்திலும் அது எளிதில் பிடிப்பதில்லை. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் மரக்கப்பல் கட்டியவர்கள் வங்குகள் எனும் விலா மரங்களுக்கு இடையே கல்லுப்பைக் கொட்டி நிரப்பிய வழக்கத்துக்கு இதுவே அடிப்படை. உப்பளத்து ஊர்க்காரர்களான நமக்கு இது வியப்பாக இருக்காது. எனவே ஃபைபருக்கு ஆகும் பணத்தை மேல்தட்டின் இணைப்புகளுக்கும், மழைநீர் தேங்கும் அணியத்து (முன்பக்கத்து) மூலைகளுக்கும், பாய்மரம் தட்டில் இறங்கும் இடத்துக்கும் செலவிடுவதே சரி.

இரும்பு ஆணிகளுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளைப் போடலாம் என்றும் எழுதியிருந்தாய். அந்த எஃகைத் துருவிலிருந்து காப்பது அதன் மேலுள்ள மெல்லிய படலம். அது நிலைத்திருக்க ஆக்சிஜன் வேண்டும் என்பதை நீயே படித்திருப்பாய். ஈரமரத்தின் உள்ளே காற்றே புகாத இடத்தில் அந்தப் படலம் சிதைந்து, தலை பளபளவென்றிருக்கத் தண்டு அரிபட்டுப் போகும். இரண்டு உலோகங்களைக் கலப்பதிலும் ஆபத்து உண்டு. ஆங்கிலேயக் கடற்படை 1761-இல் அலாரம் என்னும் போர்க்கப்பலின் அடியில் புழுவைத் தடுக்கச் செப்புத் தகடு வேய்ந்தது. இரண்டே ஆண்டுகளில் சோதித்தபோது, புழு தடுக்கப்பட்டிருந்தது. ஆனால் செம்பு தொட்ட இரும்பு ஆணிகள் அரிக்கப்பட்டிருந்தன. தகட்டோடு வந்த காகிதம் இடையில் தங்கியிருந்த இடங்களில் மட்டும் ஆணிகள் பிழைத்திருந்தன. உன் படிப்புக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. ஆகவே பழைய இரும்பு இருக்கும் இடத்தில் துத்தநாகம் பூசிய இரும்பையே போடுகிறோம்.

இந்த ஆண்டு வேலை நடக்கும் விதத்தையும் சொல்கிறேன். கப்பல் புழு ஊசிமுனைத் துளை வழியே குஞ்சாகப் புகுந்து, உள்ளேயே வளர்ந்து, நெடுக்குவாட்டில் குடைந்துகொண்டு போகும். வெளியே தடயமே தெரியாது. அதனால் தோணித் தச்சரான ஓடாவியார், அடியில் ஒட்டி வளர்ந்த கொட்டலசுச் சிப்பிகளைச் சுரண்டிய பின் ஒவ்வொரு பலகையையும் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலால் தட்டிக் கேட்டபடி நகர்கிறார். கணீரென்று ஒலித்தால் நல்ல மரம். ஒலி அடங்கினால் சுண்ணக்கட்டியால் குறியிடுகிறார். புழு சாகும் அளவுக்குத் தோணி உலர வேண்டும், ஆனால் பலகை வெடிக்கும் அளவுக்கு உலரக் கூடாது. இந்த நடுநிலையைக் காப்பதுதான் கரைவேலையிலேயே கடினமானது. வெயில் விழும் பக்கத்தில் கிடுகு சாய்த்து, மேல்பலகைகளுக்கு ஈரச்சாக்கு போட்டிருக்கிறோம்.

பழைய பஞ்சை வழித்தெடுத்த இணைப்புகளில், முறுக்கிய பருத்தியை உளியால் இறக்குவது அவர் ஒருவர் பொறுப்பு. காய்ந்த உடலில் இடைவெளி அகன்றிருப்பதைக் கண்டு மிகுதியாகத் திணித்துவிட்டால், தண்ணீரில் இறக்கியதும் பலகை பருக்க இடமின்றி ஆணியைப் பிடுங்கும், சில வேளை வங்கையே முறிக்கும். தளர விட்டாலோ நடுக்கடலில் பஞ்சு வெளியேறும். எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை அதன்மேல் பூசுகிறார்கள். இறக்கிய முதல் நாள் கொஞ்சம் தண்ணீர் ஏறுவது இயல்பு; மரம் ஊறியதும் நின்றுவிடும். அதைக் கண்டு அஞ்சி உடனே மீண்டும் கரையேற்றச் சொல்பவர்கள் மரத்தை அறியாதவர்கள்.

பாயை நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தி மடித்தாயிற்று. பாய் கட்டும் குறுக்குமரமான பருமலுக்கு எண்ணெய் இட்டாயிற்று.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பின்புறமான அமரத்துப் பக்கம், அடிமரமான ஏராவை ஒட்டிய சில பலகைகளை மாற்றியாக வேண்டியிருக்கிறது. ஒருசேரக் கழற்றினால் உடல் தன் வளைவை இழந்து முனைகள் தாழ்ந்துவிடும் என்பதால், ஒன்றைப் பொருத்திய பிறகே அடுத்ததில் கை வைப்பார்கள். இந்தத் தோணிக்கு வரைபடம் என்று எதுவும் கிடையாது. கட்டியவரின் கண்ணளவே அளவு. நீ வந்து, முட்டுக்கட்டைகள் எங்கெங்கே எவ்வளவு சுமை தாங்க வேண்டும் என்று கணித்துச் சொல்வதோடு, பலகையில் கை வைக்கும் முன் உடலின் வளைவுகளை அளந்து தாளில் வரைந்து தர வேண்டும். ஓடாவியாரும் அதற்குச் சம்மதித்து, அதுவரை பலகையைத் தொடுவதில்லை என்று சொல்லியிருக்கிறார். மரத்தின் ஈரம் அளக்கும் கருவி உங்கள் கப்பல் தளத்தில் இரவலாகக் கிடைத்தால் அதையும் கொண்டு வா. எந்த நாளில் வருவாய் என்பதை முன்கூட்டியே எழுது. பலகைக்கான அயினி மரத்தை அதற்கேற்ப அறுக்கச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா