லாரி கவிழ்ந்த கதை

குடியாத்தம்,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சுகமா? டப்ளினில் குளிர் ஆரம்பித்திருக்கும். பயலைக் காது மூடித்தான் வெளியே அழைத்துப் போக வேண்டும்.

போன வாரம் போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. "லாரி கவிழ்ந்தா தொடைக்குள்ள இரும்பு எப்படிப்பா போகும்?" என்று கேட்டாய். நீ நர்ஸ். எக்ஸ்ரேயை உனக்கு அனுப்பும்போதே இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். எதிரில் உட்கார்ந்து சொல்ல என்னால் முடியாது, போனிலும் முடியாது. அதனால்தான் காகிதமும் பேனாவும். எழுதி முடித்ததும் படம் எடுத்து அனுப்பச் சொல்லித் தம்பியிடம் கொடுப்பேன்.

எக்ஸ்ரே எடுத்த கதையிலிருந்தே வருகிறேன். முட்டி வலி என்று வேலூருக்குப் போனேன் அல்லவா, அங்கே எம்.ஆர்.ஐ. எடுக்கிற அறை வாசலில் ஒரு பையன், "உடம்புல ஏதாவது இரும்பு இருக்கா பெரியவரே?" என்று கேட்டான். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். நான் "இருக்கு" என்றேன். முப்பத்தேழு வருஷத்தில் வெளியாள் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தொடை எலும்புக்குப் பக்கத்தில் அரிசிக் குருணை மாதிரி இரண்டு, கொஞ்சம் கீழே கடுகு மாதிரி ஒன்று. எலும்பை விட வெள்ளையாகத் தெரிந்தன. எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

லாரி கவிழ்ந்தது உண்மை. ஆனால் அது தானாகக் கவிழவில்லை, பாப்பா.

1987 ஜூலை 29ஆம் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அமைதிப்படை என்று எங்களை இலங்கைக்கு அனுப்பினார்கள். நான் பட்டாளத்தில் சேர்ந்தது 1983ல், போகும்போது வயது 23. உன் அம்மாவைக் கட்டி நாலு மாதம்கூட ஆகவில்லை. அக்டோபரில் புலிகளோடு சண்டை ஆரம்பித்துவிட்டது. 1988 பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் வவுனியா பக்கம் ஒரு செம்மண் ரோட்டில் எங்கள் சக்திமான் லாரி போய்க்கொண்டிருந்தது. ஒரு சின்ன மதகு. முன் சக்கரம் ஏறி இறங்கியது. அப்புறம் சத்தம் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. வாயில் மண், பல்லுக்கு நடுவில் நறநறவென்று மண், அதுதான் ஞாபகம். லாரி பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. காலில் சூடாக யாரோ வெந்நீர் ஊற்றுகிற மாதிரி இருந்தது. பார்த்தால் பேண்ட் கறுப்பாக நனைந்திருந்தது.

என்னை இழுத்து வெளியே போட்டவர் பலமநேர் மாமா. வருஷா வருஷம் கூடை கூடையாகக் கிளிமூக்கு மாங்காய் அனுப்புகிற அதே மாமாதான். அவருடைய இடது கையில் இரண்டு விரல் இல்லை, மோட்டாரில் மாட்டிக்கொண்டது என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தோம். அதுவும் பொய். அவர் விரல் போனது அதே மதகில். விரல் போன கையோடு தன் தலைப்பாகைத் துணியைப் பல்லால் கிழித்து என் தொடையைக் கட்டினார். கட்டும்போது தெலுங்கில் யாரையோ வாயாரத் திட்டிக்கொண்டே இருந்தார்.

முதல் ஹெலிகாப்டரில் அவரை ஏற்றினார்கள். எனக்கு இடம் இரண்டாவதில் கிடைத்தது. அந்த வித்தியாசம்தான் இத்தனை வருஷப் பிரச்சினை. அவர் போய்ச் சேர்ந்த இடத்தில் எழுதியவர் "கண்ணிவெடி" என்று எழுதினார். என்னுடையதை எழுதியவர் "வாகனம் கவிழ்ந்ததில் காயம்" என்று எழுதிவிட்டார். அதை அப்படியே பார்ட் டூ ஆர்டரில், அதாவது சிப்பாயின் சர்வீஸ் விவரங்களைப் பதிகிற பட்டாளத்து உத்தரவில், ஏற்றிவிட்டார்கள். எங்கள் பாஷையில் அவர் பேட்டில் கேஷுவல்டி, அதாவது சண்டையில் காயம் பட்டவர்; நான் பிசிகல் கேஷுவல்டி, அதாவது சண்டை இல்லாமல் அடிபட்டவன். ஒரே லாரி, ஒரே நாள், ஒரே வெடி.

எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு அவர் முன்னால் எத்தனை ஸ்ட்ரெச்சர் இருந்தது என்று நான் பார்த்தேன். கோபம் என் மேல்தான். 2000ல் பதினேழு வருஷம் முடிந்து வெளியே வரும்போது காகிதங்களைப் படித்துக் காட்டினார்கள். அந்த வரி வந்தது. எனக்குத் தெரிந்தது. பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் என்று நீ கேட்பாய். அதற்குத்தான் இந்தக் கடிதமே.

காயம் பட்டு மதராஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மாவுக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் போட்டேன். "வெடியில் காலில் தகரம் பாய்ந்திருக்கிறது, பயப்படாதே, எங்கம்மாவிடம் சொல்லாதே, லாரி கவிழ்ந்தது என்று சொல்" என்று எழுதினேன். உன் பாட்டிக்கு நெஞ்சு பலவீனம். அந்த நேரத்தில் அது நல்ல பொய்யாகத்தான் இருந்தது. அப்புறம் லீவில் ஊருக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவர், என்னைப் பார்த்துச் சொன்னாரோ பொதுவாகச் சொன்னாரோ, "நம்ம ஜனத்தையே சுடப் போனவனுங்க" என்றார். டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் லாரி கவிழ்ந்த கதைதான். சொல்லச் சொல்ல அது எனக்கே வசதியாகிவிட்டது. அரசாங்கக் காகிதமும் அதையே சொன்னால் நல்லதுதானே என்று அன்றைக்கு நினைத்தேன்.

அந்த டீக்கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. அங்கே ஒரு கிணற்றடியில் ஒரு அம்மா என்னிடம், "தம்பி, இந்தியாவில எந்த ஊர்?" என்று கேட்டார். குடியாத்தம் என்றேன், தெரியவில்லை. வேலூர் பக்கம் என்றதும் முகம் மலர்ந்தது. "எங்கட அண்ணர் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்" என்றார். ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார். பிறகு சண்டை முற்றி அதே தெருவில் நடந்தபோது எங்களைப் பார்த்ததும் கதவுகள் சாத்திக்கொண்டன. நம் பாஷை பேசுகிற வீட்டுக் கதவு நம்மைப் பார்த்துச் சாத்திக்கொள்வது எப்படி இருக்கும் என்று உனக்கு எப்படிச் சொல்வேன். அந்தச் சண்டை சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போகச் சொன்னார்கள், போனேன். எங்களில் சுமார் 1200 பேர் திரும்பி வரவில்லை. 1987 நவம்பர் 25ஆம் தேதி யாழ்ப்பாணப் பக்கம் உயிரை விட்டு பரம் வீர் சக்ரா வாங்கிய மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் தமிழர்தான். நம் ஊரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? 1990 மார்ச் 24ல் கடைசிப் படையும் கப்பலேறித் திரும்பியதை நான் வடக்கே ஒரு பாரக்ஸில் ரேடியோவில் கேட்டேன். அதோடு எல்லோரும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள். நானும்தான்.

உன்னிடமும் மறைத்தேன். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும்போது, எல்லா அப்பாக்களும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டுவார்கள். நீ என் வேட்டியைப் பிடித்து இழுத்து அழுவாய். அந்தக் கூட்டத்தில் உன்னைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் பாரம் தாங்க என்னால் முடியாது. அம்மாதான் தூக்குவாள். "அப்பா ஏன் தூக்க மாட்டேங்குறாரு?" என்று நீ கேட்டதற்கு, "லாரி கவிழ்ந்துடுச்சு கண்ணு" என்றாள் அவள். எனக்காக அவளும் கடைசி வரைக்கும் அந்தப் பொய்யைச் சுமந்தாள்.

சரி, என் ஊன பென்ஷனைத் திருத்தச் சொல்லி இப்போது ஏன் எழுதிப் போட்டேன், வயதான காலத்தில் கோர்ட் படி எதற்கு, பணம் வேண்டுமானால் நான் அனுப்புகிறேனே என்றாயே, அதற்கு வருகிறேன். பணக் கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சக உத்தரவில் ஊனத்தை ஏ முதல் ஈ வரை ஐந்து பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். 1996க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு அது பொருந்தும். அரசு வண்டியில் டியூட்டியில் போகும்போது நடந்த விபத்து சி பிரிவு. வெளிநாட்டில் அமைதிப்படையாக இருந்தபோது பட்ட காயம், களத்துக்குப் போகிற வழியில் கண்ணிவெடியில் பட்ட காயம், இவை ஈ பிரிவு. சி பிரிவில் முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் ஊன பென்ஷன். என்னைப் போல் சர்வீஸ் முடித்து வந்தவனுக்கு ஈ பிரிவில் 60. எனக்கு எழுதிய ஊனம் 30 சதவீதம். 2014ல் உச்ச நீதிமன்றம் ராம் அவதார் வழக்கில் சொன்ன பிறகு அதை 50 என்று கணக்கிடுகிறார்கள். ஆக இப்போது வருவது இரண்டு மடங்காகும். ஆனால் பழைய பாக்கி மொத்தமும் வராது. 2008ல் தர்செம் சிங் வழக்கில் சொன்னபடி, தாமதமாக வருகிறவனுக்கு மனுப் போட்ட நாளுக்கு முந்தைய 3 வருஷப் பாக்கிதான். அதுவும் நியாயம்தான், வாயை மூடிக்கொண்டிருந்தது நான்.

பதக்கமும் ஒன்று உண்டு. பராக்ரம் பதக்கம் என்று பெயர், நாங்கள் வூண்ட் மெடல் என்போம். 1973ல் ஏற்படுத்தியது. எதிரியின் கையால் நேரடியாகக் காயம் பட்டவனுக்கு மட்டும். மாமாவிடம் இருக்கிறது. போன மாதம் அவர் வீட்டில்தான் முதல் தடவையாகக் கையில் வைத்துப் பார்த்தேன். வெள்ளை ரிப்பன், நடுவில் ஒரு சிவப்புக் கோடு. மஞ்சள் கறை படிந்த துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறார். அன்றைக்கு மதகில் என் தொடையைக் கட்டின துணி எப்படி இருந்ததோ, அந்த ரிப்பனும் அப்படித்தான் இருக்கிறது.

மாமாவைப் பார்க்கப் போன அன்றைக்கு சைனகுண்டா செக்போஸ்ட் தாண்டிக் காட்டு வழியில் பஸ் மெதுவாகத்தான் போயிற்று, முந்தின நாள் யானை வந்ததாம். மாமா என்னைப் பார்த்ததும், "ஏம் பாவா, இன்னாள்ளகா?" என்றார். இத்தனை நாள் கழித்தா என்று அர்த்தம். வருவதாக நான் சொல்லியிருக்கவில்லை. ஆனால் எதற்கு வந்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நாளே நோட்டரியிடம் போய் முத்திரைத் தாளில் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். தெலுங்கில்தான் சொல்வேன் என்று பிடிவாதம். "மந்துபாதர", அதாவது கண்ணிவெடி, என்று அவர் சொல்ல, எழுதுகிற பையன் நிமிர்ந்து பார்த்தான். இவர் இடது கையைத் தூக்கி அவன் மேஜை மேல் வைத்தார். அதற்குப் பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை. இங்கே வந்து நம் தெலுங்கு வாத்தியாரிடம் கொடுத்து இங்கிலீஷில் மாற்றினோம். அவர் காசு வாங்கவில்லை.

தகவல் அறியும் சட்டத்தில் மாமாவுடைய பார்ட் டூ ஆர்டர், என்னுடையது இரண்டுக்கும் நகல் கேட்டு வாங்கினேன், அவருடையதற்கு அவரே மனுப் போட்டார். தேதி ஒன்று, வண்டி எண் ஒன்று, காரணம் மட்டும் வேறு. திருத்தச் சொல்லி எழுதியதற்கு, 2000ல் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று பதில் வந்தது. உண்மைதானே. அதனால் சென்னையில் படைத்துறைத் தீர்ப்பாயத்துக்குப் போகிறோம். வக்கீல் நல்லவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த நேரத்திலேயே நீங்க வெடின்னு எழுதின காகிதம் ஏதாவது இருக்கா?"

இருக்கிறது பாப்பா. உன்னிடம்தான் இருக்கிறது.

அம்மா போன பிறகு அவள் பட்டுப் புடவையோடு ஒரு பிஸ்கட் டின்னை நீ எடுத்துப் போனாய். அம்மா வாசனை இருக்கிறது, யாரும் திறக்கக் கூடாது என்றாய். நான் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் அதில்தான். மதராஸிலிருந்து போட்டது நீலநிற இன்லண்ட் லெட்டர், மேலே தபால் முத்திரை இருக்கும், தேதி படிக்கிற மாதிரி இருக்கும் என்று நினைக்கிறேன். நடு மடிப்பில் கிழிந்திருக்கும், அம்மா அதை நிறையத் தடவை பிரித்திருக்கிறாள். அதிகம் விரிக்காதே. இரண்டு பக்கமும் படம் எடுத்து இப்போதைக்கு அனுப்பு. அசலைக் கூரியரில் போட வேண்டாம். பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தைக்கு வரும்போது கையோடு கொண்டு வா.

கடைசி மடிப்பில் அம்மாவுக்கு மட்டும் எழுதிய நாலு வரி இருக்கும். நீ படித்தால் பரவாயில்லை. வக்கீலுக்கு அனுப்பும்போது அதை மட்டும் ஒரு காகிதம் வைத்து மறைத்துவிடு.

பயலுக்கு முத்தம். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம்.

உன் அப்பா