காலி வீதிப் புகையை அளக்கும் பணி நிறைவு: அங்கத்தவர்களுக்கு நிர்வாகக் குழுவின் அறிக்கை

அன்புடைய அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

வெள்ளவத்தையில் நாம் எடுத்துக்கொண்ட காற்று அளவீட்டுப் பணி நல்லபடியாக நிறைவேறிவிட்டது. மரைன் டிரைவ் பக்கத்து மாடியில் ஒன்று, காலி வீதிக்குக் கிழக்கே இன்னொன்று என இரண்டு பி.எம். 2.5 (2.5 மைக்ரோமீற்றரும் அதற்குக் குறைவான விட்டமும் உள்ள) நுண்துகள் மானிகள் பூட்டியாயிற்று. கடலோர மாடியில் காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கும் கருவியும் உண்டு. வரவு செலவு விபரம் பற்றுச்சீட்டுகளோடு செயலாளரிடம் இருக்கிறது, யாரும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு மானி போதாதா என்று பொதுக்கூட்டத்தில் பலர் கேட்டீர்கள். 2022 டிசம்பரில் வங்காள விரிகுடாவில் புயல் இருந்த நாட்களில் கொழும்பைப் புகைமூட்டம் சூழ்ந்தது, பாடசாலைகளுக்கும் விடுமுறை விட்டார்கள். அந்த அழுக்கில் பெரும்பகுதி வடக்கிலிருந்து காற்றோடு வந்தது. ஒற்றை மானி அதையும் நம் வீதிப் புகையையும் சேர்த்தே காட்டும், பிரித்துச் சொல்லாது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து வீசும். அது முதலில் கடலோர மானியைத் தொட்டு, காலி வீதியைக் கடந்து, அப்புறம்தான் கிழக்கு மானிக்கு வரும். இரண்டுக்குமான வித்தியாசம் வழியில் சேர்ந்த புகை. அதை, வீதியைக் குறுக்கே கடக்கும் காற்றின் வேகத்தாலும் புகை கலந்து நிற்கும் உயரத்தாலும் பெருக்கினால், ஒரு மீற்றர் வீதியிலிருந்து விநாடிக்கு எவ்வளவு துகள் வெளியாகிறது என்று மதிப்பிடலாம். ஒழுங்கைகள், கடைகள், ஜெனரேட்டர்கள் விடும் புகையும் அதில் அடங்கும். கலக்கும் உயரத்தை நாம் நேரடியாக அளப்பதில்லை. ஆகவே மதிப்பீட்டை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் இத்தனை முதல் இத்தனை வரை என்றே தருவோம்.

விடிகாலையில் காற்று ஓய்ந்து, கலக்கும் உயரமும் தாழ்ந்திருக்கும். வாகனம் குறைவாக ஓடினாலும் அப்போது மானி ஏறிக் காட்டும். அதனால்தான் காற்றுவேகக் கருவிக்குச் செலவழித்தது மிகச் சரியான முடிவு என்று குழு உறுதியாக நம்புகிறது.

ரயில் பாதை கடலோர மானிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பதால், டீசல் ரயில் போகும் நிமிடங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஈரப்பதம் கூடினால் துகள்கள் ஊதி, இந்த வகை மானிகள் கூடுதலாகக் காட்டும். ஒரே காற்றில் இரண்டு மானிகளும் ஒரேமாதிரி காட்டாவிட்டால் வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை. எனவே பூட்டுவதற்கு முன் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுச் சரிபார்த்தோம்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை காற்று திசை மாறும், கணக்கையும் திருப்பிப் போட வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க: இலங்கை 2008இல் விதித்த பி.எம். 2.5 வருடச் சராசரி எல்லை ஒரு கன மீற்றருக்கு 25 மைக்ரோகிராம், 24 மணித்தியால எல்லை 50. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னவை 5, 15. காலி வீதி பஸ் தரிப்பிடங்களில் நாள்தோறும் காத்துநிற்பவர்கள் நம் பிள்ளைகள். எந்த நேரத்தில் எவ்வளவு புகை என்பதை ஆதாரத்தோடு அதிகாரிகளிடம் கொண்டுபோக இனி நம்மால் முடியும்.

மானிகளின் காற்று நுழையும் வாயில் உப்பும் தூசும் படியும். மாதம் ஒரு தடவை துடைக்க இரண்டு அங்கத்தவர்கள் தேவை. விருப்பமுள்ளோர் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள்.

நிர்வாகக் குழு
வெள்ளவத்தை, கொழும்பு