பென்சிலுக்கு முன்னால் கடலைக்காய்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விஜயதசமி நெருங்குகிறது. எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வீடு, மலையாள வீடு என்றில்லாமல் அன்றைக்குப் பிள்ளையை மடியில் வைத்து, தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் விரல் பிடித்து எழுத வைப்போம். அந்த அரிசியை அள்ளிய மறுநாளே பிள்ளையின் கையில் பென்சிலைத் திணிக்கிறோமே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான் 26 வருஷம் அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்.

என் மகள்வழிப் பேரனுக்கு நாலு வயது. எல்.கே.ஜி. போகிறான். தினமும் இரண்டு பக்கம் எழுதிவரச் சொல்கிறார்கள். பென்சிலை உலக்கை மாதிரி முழுக் கையால் பிடித்து அழுத்துவான். தாள் கிழியும், அழுவான். 'கவனம் போதாது' என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள். அதைப் படித்துவிட்டு மகளும் அழுதாள்.

ஆடி மாசம் அவன் திண்ணையிலிருந்து விழுந்தான். எக்ஸ்ரே எடுத்த டாக்டர், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிப் படத்தைக் காட்டினார். பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்பு உண்டு. அவன் படத்தில் மூன்றுதான் வெள்ளையாகத் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் இருட்டு. அங்கே இன்னும் குருத்தெலும்புதான், கடைசி எலும்பு தெரிய பத்து வயதுகூட ஆகலாம் என்றார். எழுதவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கையைத்தானே தினமும் இரண்டு பக்கம் எழுத வைக்கிறோம் என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

அப்போது கடலைக்காய் பறிப்பு. வாசலில் காயக் கிடந்ததில் ஒரு படி எடுத்து அவன் முன்னால் வைத்தேன். முதலில் பல்லால் கடித்தான், அப்புறம் கல்லால் தட்டினான். காயின் மூக்கில் கட்டைவிரலை வைத்து, ஆள்காட்டி விரலால் அடியில் தாங்கி, நகம் வெளுக்கும் வரை அழுத்தக் காட்டிக்கொடுத்தேன். நாலைந்து நாள் வரவில்லை. ஒரு சாயங்காலம் 'டப்' என்று பிளந்தது. "அம்மிச்சி, நானே!" என்று எழுந்து குதித்தான். இப்போது ஒரு கிண்ணம் உடைக்கிறான். (முழுப் பருப்பு மூச்சுக்குழலில் சிக்கும். அதனால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். தின்ன இடித்துத்தான் கொடுக்கிறேன். மூணு வயதுக்குக் கீழே இந்த வேலையே வேண்டாம்.)

கோலமாவை எந்த விரல்களால் எடுக்கிறோம்? கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். பென்சில் பிடிக்கவும் இதே மூன்றுதான். ஓணத்துக்குச் செண்டுமல்லி இதழ் பிய்ப்பது, பல்லாங்குழியில் சோழி போடுவது, ஈரத்துணி பிழிவது எல்லாமே இந்தக் கைக்குத்தான். சட்டைப் பொத்தானை நாம் போட்டுவிடாமல் அவர்களிடமே விட வேண்டும். நாலு வயதில் கழற்ற வரும், போட இன்னும் கொஞ்ச நாள் ஆகும். காலையில் அவசரம் என்றால் சாயங்காலம் விடுங்கள்.

அங்கன்வாடியில் நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். முழுச் சாக்பீஸ் கொடுத்தால் பிள்ளை கை முழுக்கப் பொத்திக்கொள்ளும். முக்கால் அங்குலமாக உடைத்துக் கொடுத்தால் பொத்த இடமிருக்காது, விரல் நுனி தானாக வந்துவிடும். அதைச் சுவரில் கிறுக்க விட்டால் தோளும் முழங்கையும் சேர்ந்து பலப்படும். சுவர் அழுக்காகிறதே என்பார்கள். ஆகட்டும், வெள்ளையடித்துக்கொள்ளலாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஒன்றரை வயதுக்கு முன்பே பிள்ளை ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றதைச் சும்மா விட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம் இடதுகைப் பிள்ளை என்று தெரிந்தால் மாற்றாதீர்கள்.

தங்கள் சிறுவர் பக்கத்தில் வாராவாரம் புள்ளிகளை இணைக்கச் சொல்லி ஒரு படம் வருகிறது. அதன் பக்கத்தில் நாலே வரி ஒதுக்கி, அந்த வாரம் வீட்டில் பிள்ளை கையால் செய்ய ஒரு வேலை போடுங்கள். பட்டாணி உரிக்கும் காலத்தில் பட்டாணி, மார்கழியில் கோலம் என்று பருவத்துக்கு ஏற்றபடி இருக்கட்டும். எழுதித்தர ஆள் இல்லையென்றால் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.