கிணற்றுக்குள் என்ன இருந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாதம் நீங்கள் வெளியிட்ட கிணற்று வீட்டுக் கதையைப் பற்றி இந்த இதழில் வந்திருக்கும் மூன்று கடிதங்களையும் படித்தேன். மூன்றிலும் ஒரே புகார்தான்: கிணற்றுக்குள் என்ன இருந்தது என்று கடைசிவரை சொல்லவே இல்லையாம். ஒருவர், இடம் போதாமல் கடைசிப் பத்தியை வெட்டிவிட்டீர்களா என்றே கேட்டிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பதினைந்து வயதில் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைப் படித்து முடித்ததும், புத்தகத்தில் தாள் ஏதும் கிழிந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தவள்தான் நானும்.

கதை எழுதிப் பிழைக்கும் ஒரு மனிதர், தூக்கம் பிடிக்காத ராத்திரி, எங்கிருந்தோ வரும் ஒரு வாசனை, பிச்சை கேட்டு வந்து வீட்டு வேலைக்கு நின்றுவிடும் ஒரு பெண். அவள் பேயா, இல்லை அந்த மனிதருக்குத்தான் புத்தி பிசகிவிட்டதா? அம்மாவிடம் கேட்டேன். "ராத்திரியில கண்டதையும் படிக்காதேன்னு சொன்னேனா இல்லையா" என்று பதில் வந்தது. நாற்பது வயதுக்கு மேல் அதே கதையைத் திரும்பப் படித்தபோது காஞ்சனை யார் என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கு என்ன நேர்கிறது என்று ஒரு புருஷனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லையே, அதுதான் வயிற்றைக் கலக்கியது. 1943இலேயே புதுமைப்பித்தன் ஒரு விளக்கம் கொடுத்து முடித்திருந்தால், எனக்கு இந்த இரண்டாவது பயம் கிடைத்திருக்காது.

விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதும் வாசகர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அமெரிக்காவில் 'தி நியூ யார்க்கர்' பத்திரிகையின் 1948 ஜூன் 26 இதழில் ஷெர்லி ஜாக்ஸனின் 'தி லாட்டரி' என்ற சிறுகதை வந்தது. ஏறத்தாழ முந்நூறு பேர் வாழும் கிராமம். நல்ல வெயில் அடிக்கும் ஜூன் 27 காலை, அதாவது இதழ்த் தேதிக்கு மறுநாள். ஊர் கூடிச் சீட்டுக் குலுக்குகிறது. பையன்கள் சட்டைப்பையில் கல் பொறுக்கிப் போட்டுக்கொள்கிறார்கள். முடிவை நான் சொல்ல மாட்டேன், படிக்காதவர்கள் படிக்கட்டும். அந்தக் கோடையில் தனக்கு வந்த முந்நூறு சொச்சம் கடிதங்களில் பதின்மூன்றுதான் அன்பாகப் பேசின, அவையும் பெரும்பாலும் நண்பர்கள் எழுதியவை என்று ஜாக்ஸன் பிற்பாடு ஓர் உரையில் சொன்னார். பெற்ற தாயே திட்டி எழுதினாராம். மற்றவர்களில் சிலர் ஒன்றும் புரியவில்லை என்றார்கள், சிலர் வைதார்கள். இன்னும் சிலர் இந்தக் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, நாங்களும் போய்ப் பார்க்கலாமா என்று விசாரித்தார்கள்! கதையைவிட இந்தக் கடைசி வகைக் கடிதங்கள்தான் என்னை அதிகம் பயமுறுத்துகின்றன.

அந்தக் கதையில் பேய் இல்லை, பிசாசு இல்லை, இருட்டுகூட இல்லை. அப்புறம் எங்கிருந்து வருகிறது அச்சம்? இதற்கு நான் தொல்காப்பியத்தைத்தான் எடுப்பேன். "அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே" என்கிறது உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் அதன் மெய்ப்பாட்டியல் பகுதி. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்காம். தெய்வமோ பேயோ, மிருகம், திருடன் என்று மூன்றையும் எடுத்துக்கொள்ளலாம். நம் சினிமாவும் இந்த மூன்றோடு நின்றுவிடுகிறது. நான்காவது 'தம் இறை', நம்மை ஆளுகிற அதிகாரம். பேயையும் அரசனையும் ஒரே வரியில் வைத்தவனை என்னவென்று சொல்வது! 'தி லாட்டரி'யின் அச்சம் இந்த நான்காவது இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஊர் வழக்கம் என்பதும் ஓர் இறைதானே.

இந்த மாதிரிக் கதை மேல்நாட்டுச் சரக்கு, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்று உங்கள் மூன்றாவது வாசகர் கூடவே எழுதியிருக்கிறார். அவர் காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகத்தைப் பக்தியோடு பாடியிருக்கலாம். "கொங்கை திரங்கி நரம்பெழுந்து" என்று தொடங்கும் அந்தப் பெண்பேயை ஒரு முறையாவது கண்ணை மூடிக் கற்பனை செய்து பார்த்தாரா தெரியாது. அம்மையார் தம்மையே காரைக்காற் பேய் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களின் பற்களை அரிசியாகக் குற்றிக் கூழ் சமைக்கின்றன. சமைத்துப் பந்தியும் வைக்கின்றன. படிக்கும்போது குடல் பிரளுகிறது, கூடவே சிரிப்பும் வருகிறது. நம் சரக்கில் குறை ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியின் தலைவராக இருந்த எம்.ஆர். ஜேம்ஸ் கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களைக் கூட்டிவைத்து, தான் எழுதிய பேய்க்கதைகளை மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்துக் காட்டுவார். 1904இல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் ஒரு கதை. பேயை நம்பாத பேராசிரியர் ஒருவர் விடுதி அறையில் தங்குகிறார். அறையில் இரண்டு கட்டில், ஒன்று காலி. அவ்வளவு போதும். கசங்கிய படுக்கைத் துணியைத் தவிர ஜேம்ஸ் வேறு எதையும் நமக்குக் காட்டவில்லை. நான் இன்றைக்கும் வெளியூரில் இரண்டு கட்டில் போட்ட அறையில் தனியாகத் தங்க நேர்ந்தால், காலிக் கட்டிலின் போர்வையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் படுப்பேன். சிரிக்காதீர்கள்.

இப்போது உங்கள் மீது என் புகார். கதையாசிரியர் ஐந்து பக்கம் பாடுபட்டு எதை மறைத்தாரோ, அதை உங்கள் ஓவியர் முதல் பக்கத்திலேயே தூக்கிப் போட்டுவிட்டார். வெள்ளைப் புடவை, விரித்த தலைமுடி, காலில் கொலுசு, கிணற்று விளிம்பில் ஒரு கை. கதையில் புடவையும் இல்லை, கொலுசும் இல்லை. இரண்டு முறை தேடிவிட்டேன். தலைப்புக்கு மேலே சிவப்பு மை சொட்டச் சொட்ட 'திகில் சிறுகதை' என்று வேறு. கடிதம் எழுதிய மூவரும் விடை எங்கே என்று தேடியதற்கு அந்தப் படமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். படத்தில் இருந்தவள் கதைக்குள் வருவாள் என்று காத்திருந்திருப்பார்கள், பாவம்.

அடுத்த முறை கிணற்றை மட்டும் வரையச் சொல்லுங்கள். ராட்டினமும் கயிறும் இருந்தால் போதும். வாளி வேண்டாம்.

— ஒரு வாசகி, தென்காசி