டெக் மதிப்பீட்டில் திருகாணிக்கும் இடம் வேண்டும்: மரவேலை ஒப்பந்தக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடுகளுக்கு மர டெக் (வீட்டை ஒட்டி வெளியே அமைக்கும் பலகைத் தளம்) அமைத்துத் தரும் ஒப்பந்தக்காரர்களுக்கும் தச்சர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் தரும் மதிப்பீட்டில் பலகையின் மர வகை, கனம், அகலம், மெருகு எல்லாம் வரிவரியாக இருக்கிறது. அந்தப் பலகையைப் பிடித்து நிறுத்தும் ஆணியும் திருகாணியும் போல்ட்டும் மட்டும் 'இதர சாமான்கள்' என்ற ஒற்றை வரிக்குள் போய்விடுகின்றன. ஆட்கள் ஏறி நிற்கும் தளம் இது. உலோகம், பூச்சு, விட்டம், நீளம், எண்ணிக்கை ஐந்தையும் எழுதிக் கொடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

பூச்சிலிருந்து தொடங்குவோம். கரையான், பூஞ்சை அண்டாமல் மருந்தேற்றிய மரங்களில் இன்று பெரும்பாலும் இருப்பது செம்பு. அமெரிக்காவில் 2003 இறுதியோடு ஆர்சனிக் கலந்த மருந்தை வீட்டு மரங்களுக்கு ஏற்றுவதை நிறுத்தியபோது, அதற்குப் பதிலாக வந்த மருந்துகளில் செம்பின் அளவு கூடியது. ஈரம் பட்டால் அந்தச் செம்பு துத்தநாகத்தையும் இரும்பையும் அரிக்கும். பழைய மரத்தில் பல ஆண்டு தாங்கிய ஆணி புது மரத்தில் தாங்காததற்குக் காரணம் இதுதான். பளபளவென்று மின்முலாம் பூசிய திருகாணியில் துத்தநாகம் 5 முதல் 8 மைக்ரான்தான் இருக்கும். உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்ததில் சுமார் 50 மைக்ரான். கடையில் இரண்டுக்குமே 'ஜி.ஐ.' என்றுதான் பெயர். ஆகவே 'தோய்த்தெடுத்தது' என்ற சொல் மதிப்பீட்டில் இருக்க வேண்டும். கடலோரத்திலும் நீச்சல் குளத்தருகிலும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 316 ரகம் போடுங்கள், 304 போதாது. ஜி.ஐ. ஹேங்கரில் (பலகைகளுக்கு அடியில் செல்லும் தாங்கு சட்டத்தின் முனையை ஏந்தும் உலோகப் பிடி) எஸ்.எஸ். திருகாணி போடாதீர்கள், ஈரத்தில் இரண்டு உலோகங்களும் தொட்டுக்கொண்டிருந்தால் துத்தநாகம் கரைந்துபோகும். அலுமினியத் தகடு செம்பு மருந்தேற்றிய மரத்தைத் தொடவே கூடாது.

மருந்தேற்றாத மரம் என்றால் வைரம் பாய்ந்த கட்டையைத்தான் கொடுக்க வேண்டும். எவ்வளவு உயர்ந்த மரமானாலும் அதன் வெளிறு, அதாவது வைரத்தைச் சுற்றியுள்ள இளமரம், உளுத்துவிடும். தேக்கு, ஓக், சிடார் போன்ற மரங்களின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் திருகாணியைச் சுற்றிக் கருங்கறை படியும், தேய்த்தாலும் எளிதில் போகாது. அங்கே எஸ்.எஸ். தவிர வேறு வழியில்லை.

எங்களை மிகவும் கவலைப்பட வைப்பது வீட்டுச் சுவரோடு சேரும் மரச் சட்டம். டெக்கின் பாதிப் பாரம் அதில் தொங்குகிறது. அதை ஆணியால் அடித்துவிட்டுப் போவது உயிரோடு விளையாடுவது. ஆணி மரத்தின் பிடிப்பை நம்பித்தான் நிற்கிறது. மரம் நனைந்து உப்பி, காய்ந்து சுருங்க, பிடி தளர்ந்து ஆணி வெளியே வரும். 12 மி.மீ. ஊடு போல்ட்டோ (மறுபக்கம் வரை ஊடுருவி நட்டு போடுவது) லேக் திருகாணியோ (ஸ்பேனரால் முடுக்கும் தடித்த மரத் திருகாணி) போட்டு, வாஷர் வைத்து, மேலும் கீழுமாக மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒரே கோட்டில் போட்டால் மரம் இழையோடு பிளக்கும். லேக் திருகாணியின் மறைக்குச் சுமார் 8 மி.மீ. துளை முன்கூட்டியே வேண்டும். தாங்கு சட்டம் எவ்வளவு நீளமோ அதற்கேற்பப் போல்ட்டுகள் நெருங்கி வர வேண்டும். அழகுக்கு ஒட்டிய முகப்புச் செங்கல்லில் இந்தச் சட்டத்தை மாட்டாதீர்கள். சுவரின் உறுதியில் சந்தேகம் இருந்தால் டெக்கைத் தனித் தூண்களில் நிறுத்திவிடலாம். சட்டத்தின் மேல் நீர்காப்புத் தகடு இல்லாவிட்டால் மழைநீர் பின்னால் இறங்கும். போல்ட் நன்றாக இருக்க, மரம் உளுத்துப்போகும்.

ஹேங்கரின் எல்லாத் துளைகளையும் நிரப்புங்கள், அதற்கென்றே செய்த ஆணியால் அல்லது திருகாணியால். ஜிப்சம் பலகைத் திருகாணியும் சாதாரண டெக் திருகாணியும் கடினமானவை, குறுக்கே பாரம் வந்தால் பட்டென்று முறியும்.

கைப்பிடித் தூணுக்கும் கணக்கு உண்டு. 1 மீட்டர் உயரத்தில் 90 கிலோ விசையோடு ஒருவர் சாய்ந்தால், 125 மி.மீ. இடைவெளியில் இருக்கும் இரண்டு போல்ட்டுகளில் மேலுள்ளதை 700 கிலோவுக்கு மேல் இழுக்கும். தூணின் அடியை வெட்டிக் குறைக்காமல், இழுவிசையைத் தாங்கு சட்டத்துக்குக் கடத்தும் இரும்புப் பிடியையும் சேர்த்துப் போடுங்கள்.

பலகைக்கு வருவோம். 25 மி.மீ. கனமான பலகைக்குத் தாங்கு சட்டங்களின் இடைவெளி 400 மி.மீ. போதும். 140 மி.மீ. அகலப் பலகையை ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு திருகாணியால் பிடித்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 35 ஆகும். 20 சதுர மீட்டருக்கு 700, சேதாரத்துக்கு 70 கூட. நீளம் 65 மி.மீ.க்குக் குறையக் கூடாது. முனைகளில் துளையிட்டுப் பின் முடுக்குங்கள். தலை பலகை மட்டத்தோடு நிற்கட்டும், அமுங்கினால் அந்தக் குழியில் நீர் தேங்கும். காய்ந்த பலகைக்கு நடுவே 3 முதல் 5 மி.மீ. சந்து விடுங்கள். மருந்தின் ஈரம் மாறாத பலகையை நெருக்கியே அடிக்கலாம், காயும்போது தானாகச் சந்து விழும்.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த கலவைப் பலகை வெயிலில் நீளவாக்கில் விரியும் என்பதால் முனைச் சந்தைத் தயாரிப்பாளர் சொன்னபடி விடுங்கள். அந்தப் பலகையைத் தாங்கு சட்டமாக்காதீர்கள்.

மருந்தேற்றிய மரத்தை அறுத்தால் உள்ளே மருந்து எட்டாத பகுதி வெளிப்படும்; ஒவ்வொரு அறுப்பு முனையிலும் செம்பு நாப்தனேட் என்ற மரக்காப்பு மருந்தைத் தடவுவதை மதிப்பீட்டில் ஒரு தனி வேலையாகவே காட்டுங்கள். வேலை முடிந்ததும் திருகாணிப் பெட்டியின் அட்டையை எறியாமல் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். பின்னாளில் ஒரு பலகையை மாற்றுபவருக்கு அதே உலோகம், அதே பூச்சு தேவைப்படும்.